அமெரிக்காவில் பைலட் லைசென்ஸ் எடுத்துவிட்டு வேறு நாட்டு ஏர்லைனில் வேலைக்குப் போக முடியுமா?

போகலாம். ஆனால் அந்த லைசென்ஸை மட்டும் நம்பிப் போக முடியாது. நான் அமெரிக்காவில் படித்து, அப்புறம் ஐரோப்பிய லைசென்ஸுக்கு மாறி, இப்போது துணை விமானியாக இருக்கிறேன்.

"இது ஐ.சி.ஏ.ஓ. (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) லைசென்ஸ், எங்கேயும் செல்லும்" என்று எனக்குப் பாடம் எடுத்த பள்ளியில் சொன்னார்கள். பாதி உண்மை. 1944 சிகாகோ ஒப்பந்தப்படி, விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாடு கொடுத்த அல்லது அந்த நாடு ஏற்றுக்கொண்ட லைசென்ஸ்தான் வெளிநாட்டுப் பறத்தலுக்குச் செல்லும். ஏற்பதா, எந்தப் பரீட்சையை மறுபடி எழுதச் சொல்வதா என்பதெல்லாம் அந்தந்த நாட்டின் முடிவு. அமெரிக்காவில் கமர்ஷியல் லைசென்ஸுக்கு, அதாவது சம்பளத்துக்குப் பறக்க, நூறு கேள்விகள் கொண்ட ஒரே எழுத்துத் தேர்வு. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசாவின் முறையில் ஏ.டி.பி.எல். (ஏர்லைன் விமானி லைசென்ஸ்) தியரி மட்டும் 13 தாள்கள், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் வேண்டும், 18 மாதத்துக்குள் முடிக்கவும் வேண்டும். அத்தனையும் முதலிலிருந்து எழுதினேன்.

பரீட்சையாவது தெரிந்த தலைவலி. என்னைக் கவிழ்த்தது லாக்புக், பறந்த நேரத்தை எழுதி வைக்கும் பதிவேடு. பிரைவேட் லைசென்ஸ் வாங்கிய பிறகு, பக்கத்தில் பயிற்றுநர் இருந்தாலும் கண்ட்ரோல் என் கையில் இருந்தால் அந்த நேரத்தை பி.ஐ.சி., அதாவது விமானத்துக்குப் பொறுப்பான விமானியாகப் பறந்த நேரம், என்று எழுத அமெரிக்க விதி விடுகிறது. ஐரோப்பாவில் அதே நேரம் வெறும் டூயல், அதாவது மாணவனாகப் பறந்த நேரம். நண்பர் கண்ணை மறைத்து இன்ஸ்ட்ரூமென்ட் பயிற்சி செய்யும்போது அவருக்காக வெளியே கவனிக்கும் சேஃப்டி பைலட்டாக உட்கார்ந்து நான் பி.ஐ.சி. என்று எழுதிக்கொண்டதும் அங்கே எடுபடவில்லை. இரண்டையும் கழித்ததும், ஐரோப்பிய கமர்ஷியல் லைசென்ஸுக்குத் தேவையான 100 மணி நேர பி.ஐ.சி.க்குக் கீழே இறங்கிவிட்டேன். குறைந்ததைச் சொந்தக் காசில் தனியாகப் பறந்து நிரப்பினேன். முதல் நாளிலிருந்தே தனியாகப் பறந்தது எவ்வளவு, பயிற்றுநரோடு எவ்வளவு என்று வேறு வேறு பத்தியில் எழுதி வையுங்கள்.

சரி, எந்த நாட்டில் தொடங்குவது? லைசென்ஸை விடுங்கள், எந்த நாட்டில் சட்டப்படி வேலை செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது? அதை முதலில் பாருங்கள். 2009இல் அமெரிக்காவின் பஃபலோ நகரம் அருகே நடந்த விமான விபத்துக்குப் பிறகு, 2013 முதல் அமெரிக்க ஏர்லைனில் துணை விமானிக்கும் ஏ.டி.பி. (அமெரிக்காவின் ஏர்லைன் விமானி லைசென்ஸ்) வேண்டும். அதற்குப் பொதுவாக 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அமெரிக்கர்கள் பயிற்றுநர் வேலை பார்த்து அதைச் சேர்க்கிறார்கள். வேலை அனுமதி இல்லாத வெளிநாட்டவருக்கு அந்த ஏணி பாதியில் நின்றுவிடும். ஐரோப்பாவில் சுமார் 200 மணி நேரத்தோடு துணை விமானி இருக்கையில் உட்கார முடியும், ஆனால் விளம்பரங்களில் பெரும்பாலும் "ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலை செய்யும் உரிமை" என்ற வரி இருக்கும். பிரிட்டனை அதில் சேர்க்காதீர்கள். 2021 ஜனவரி முதல் பிரிட்டன் லைசென்ஸ் தனி, ஈயாசா லைசென்ஸ் தனி. வளைகுடா நிறுவனங்கள் பல நாட்டுக்காரர்களை எடுக்கும். ஆனால் அவை தேடுவது பெரும்பாலும் ஜெட்டில் மணி நேரம் சேர்த்தவர்களை, புதியவர்களை அல்ல.

மெடிக்கல்: எந்த நாட்டு லைசென்ஸில் முடிக்கப் போகிறீர்களோ அந்த நாட்டு கிளாஸ் 1 (தொழில்முறை விமானிகளுக்கான) உடல் பரிசோதனையை, பள்ளிக்கு ஒரு பைசா கட்டும் முன்பே செய்துவிடுங்கள். நிறப்பார்வைச் சோதனை நாட்டுக்கு நாடு மாறும்.

அப்படியானால் பழைய அமெரிக்க லைசென்ஸ் வீணாகிவிடுமா? ஆகாது. அமெரிக்க கமர்ஷியல் லைசென்ஸுக்குக் காலாவதி இல்லை. மெடிக்கலைப் புதுப்பித்து, 24 மாதத்துக்கு ஒரு தடவை பயிற்றுநரோடு பறந்து திறமையைச் சரிபார்க்கும் ஃபிளைட் ரிவ்யூ முடித்தால் போதும். போன விடுமுறையில் அப்படித்தான் மறுபடி ஒரு சின்ன செஸ்னாவில் ஏறினேன்.