பொட்டாசியத்துல ஏன் 2, 8, 9 வரல? எலக்ட்ரான் கூடு பத்தி கேள்வி பதில்

இன்னிக்கு எலக்ட்ரான் கூடு, அதாவது அணுக்கருவ சுத்தி எலக்ட்ரான்கள் இருக்கற ஆற்றல் மட்டங்கள், அது மட்டும்தான். 2, 8, 9ன்னு எழுதினா உள்லேர்ந்து வெளிய ஒவ்வொரு கூட்டுலயும் எவ்ளோ எலக்ட்ரான்னு அர்த்தம். ஒரே மாதிரி வந்த கேள்விகள ஒண்ணா சேர்த்துட்டேன், விட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க.

கேள்வி: அக்கா, மூணாவது கூடான எம் (M) கூட்டுல 18 எலக்ட்ரான் வரைக்கும் போகும்னு புக்குல இருக்கு. அப்போ பொட்டாசியம் 2, 8, 9 தானே வரணும்? 2, 8, 8, 1னு ஏன் எழுதுறோம்?

பதில்: இந்த கேள்விதான் அதிகமா வந்திருக்கு. தம்பி, 18ங்கறது எம் கூடு அதிகபட்சம் தாங்குற அளவு, அவ்ளோதான். அது நிரம்பினாதான் அடுத்த கூடு திறக்கணும்னு எந்த விதியும் கிடையாது. எம்முக்குள்ள மூணு துணைக்கூடு இருக்கு, 3எஸ்ல 2, 3பில 6, 3டில 10. ஆர்கான் வரும்போதே 3எஸ்ஸும் 3பியும் ஃபுல் ஆயிடுது, அதனால பொட்டாசியத்தோட 19வது எலக்ட்ரானுக்கு மிச்சம் இருக்கறது 3டி, இல்லன்னா 4எஸ். 4எஸ் எலக்ட்ரான் பெரும்பாலும் வெளியதான் இருக்கும், ஆனா நடுநடுவுல உள்கூடுகள ஊடுருவி அணுக்கருவுக்கு ரொம்ப கிட்ட வரைக்கும் போயிட்டு வரும், அப்போ அதுக்கு பலமான இழுப்பு கிடைக்குது. 3டிக்கு அந்த வசதி ரொம்ப கம்மி, உள்ள இருக்கற 18 எலக்ட்ரானும் அணுக்கருவ அதுகிட்டேர்ந்து மறைச்சிடும். அதனால பொட்டாசியத்துல 4எஸ்லதான் ஆற்றல் கம்மி, அங்கதான் போய் உக்காருது. எவ்ளோ தாங்கும்ங்கறது ஒரு கணக்கு, எது முதல்ல நிரம்பும்ங்கறது வேற கணக்கு. இத ரெண்டையும் போட்டு குழப்பிக்கறதுதான் எல்லாருக்கும் பிரச்சனை.

கேள்வி: கூடு கூடா இருக்குன்னு யாரு மேடம் பாத்தாங்க? சும்மா நம்பணுமா?

பதில்: நம்ப வேணாம், நம்பர பாருங்க. அலுமினியம் எடுத்துக்கலாம், 2, 8, 3. அதுலேர்ந்து ஒவ்வொரு எலக்ட்ரானா பிடுங்க எவ்ளோ ஆற்றல் ஆகுதுன்னு அளந்து வெச்சிருக்காங்க. முதல் எலக்ட்ரானுக்கு சுமார் 6 எலக்ட்ரான் வோல்ட் (இது ஆற்றலோட அலகு), ரெண்டாவதுக்கு 18.8, மூணாவதுக்கு 28.4, நாலாவதுக்கு ஒரேயடியா 120! மூணு வெளிய போனதும் உள்கூட்டுல கை வெச்சுட்டீங்கன்னு அர்த்தம். இன்னும் உத்து பாத்தா 6லேர்ந்து 18.8க்கு மூணு மடங்கு தாவுது, ஆனா பக்கத்துல இருக்கற மெக்னீசியத்துல 7.6லேர்ந்து 15.0, ரெண்டு மடங்குதான். ஏன்னா அலுமினியத்துல முதல்ல போறது 3பி, அடுத்தது 3எஸ், மெக்னீசியத்துல ரெண்டுமே 3எஸ். துணைக்கூடு கூட நம்பர்ல தெரியுது பாருங்க. எனக்கு இந்த டேபிள் எந்த வட்டப் படத்தையும் விட புடிக்கும்.

கேள்வி: அப்போ எலக்ட்ரான் வட்டமா சுத்தறது?

பதில்: சுத்தல. அந்த வட்டம் ஆற்றல் மட்டத்த காட்ட போட்ட படம். நிஜத்துல எந்த இடத்துல இருக்க எவ்ளோ வாய்ப்புன்னு மட்டும்தான் சொல்ல முடியும்.

கேள்வி: இரும்புல 4எஸ் முதல்ல நிரம்புதுன்னா, அயனி ஆகும்போது கடைசியா வந்த 3டி தானே முதல்ல போகணும்? ஏன் 4எஸ் போகுது?

பதில்: நல்ல கேள்வி. எந்த துணைக்கூடு முதல்ல நிரம்பும்னு புக்குல காட்டற சாய்வு அம்புக்குறி படத்த எல்லா தனிமத்துக்கும் நிரந்தரம்னு எடுத்துக்கறதால வர்ற குழப்பம் இது. பொட்டாசியம், கால்சியம் வரைக்கும் 4எஸ் கீழ. ஸ்காண்டியத்துலேர்ந்து அணுக்கருவோட சார்ஜ் ஏற ஏற 3டி உள்ள சுருங்கி 4எஸ்ஸுக்கும் கீழ இறங்கிடுது. அப்பறம் ஏன் எல்லாம் 3டிக்கே போகலன்னா, அது சின்ன இடம், உள்ள நெருக்கினா ஒண்ண ஒண்ணு தள்ளும், அதனால ரெண்டு பேர் வெளிய 4எஸ்ல இருக்கறதுதான் மொத்தத்துல லாபம். பிடுங்கும்போது வெளிய இருக்கறதுதான் முதல்ல போகும். இரும்பு 2+ல 3டில 6, 3+ல 3டில 5.

கேள்வி: குரோமியம், காப்பர் விதிவிலக்கு, பாதி நிரம்பினா ஸ்டேபிள், சரியா?

பதில்: பாதி சரி. குரோமியம் 3டில 4, 4எஸ்ல 2ன்னு வராம 3டில 5, 4எஸ்ல 1ன்னு இருக்கு. ஆனா அதுக்கு நேர் கீழ ரெண்டு வரிசை தள்ளி இருக்கற டங்ஸ்டன் 5டில 4, 6எஸ்ல 2ன்னு இருக்கே, அங்க இந்த விதி எங்க போச்சு? பல்லேடியம் இன்னும் மோசம், அஞ்சாவது வரிசைல இருந்துக்கிட்டு அஞ்சாவது கூட்டுல ஒரு எலக்ட்ரான் கூட இல்ல, 2, 8, 18, 18.

கேள்வி: இத வெச்சு நிஜமா எதாவது கண்டுபிடிச்சிருக்காங்களா?

பதில்: ஹாஃப்னியம்! 72வது தனிமம் ரொம்ப நாள் காலியா கிடந்துச்சு, அது அரிய மண் தனிமம்தான்னு நிறைய பேர் தேடினாங்க. இயற்பியலாளர் நீல்ஸ் போர் கூடு கணக்க வெச்சு, அரிய மண் தனிமங்கள்ல நிரம்பற 4எஃப் துணைக்கூடு 71லயே நிரம்பிடுது, அந்த வரிசை அங்கயே முடியுது, 72 சிர்கோனியம் மாதிரிதான் இருக்கும்னு சொன்னார். அவரோட கோபன்ஹேகன் இன்ஸ்டிட்யூட்லயே கோஸ்டர், ஹெவெசிங்கற ரெண்டு விஞ்ஞானிகள் சிர்கோனியம் தாதுவ எக்ஸ்ரேல பாத்தாங்க, அங்கயே இருந்துச்சு. போர் 1922 டிசம்பர்ல நோபல் உரைலயே இத சொல்லிட்டார், 1923ல பேப்பர் வந்துச்சு.

கேள்வி: அஞ்சாவது கூட்டுல 50 போகும்னு கணக்கு வருது, எந்த தனிமத்துல 50 இருக்கு?

பதில்: எதுலயும் இல்ல. 50 வரணும்னா 5ஜி துணைக்கூடு நிரம்பணும், 118 வரைக்கும் அத தொட்ட தனிமமே கிடையாது. 118வது தனிமமான ஒகானெசானுக்கே கணக்கு போட்டு சொல்ற அமைப்பு 2, 8, 18, 32, 32, 18, 8 தான்.