நாற்பது பேரைப் பழைய கார் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போக எப்படித் திட்டமிடுவது?

எல்லா வயதும் கலந்த குழு, கார் பைத்தியம் நாலைந்து பேர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பஸ், டிக்கெட் எல்லாம் இந்நேரம் பேசி முடித்திருப்பீர்கள். உள்ளே போன பிறகு என்ன செய்வது என்பதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. எங்கள் குழுவுக்கு இந்த வேலையைச் செய்பவன் நான்தான் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்: எல்லாக் காரையும் காட்ட நினைக்காதீர்கள். ஐந்தாறு கார் போதும். பத்துப் பத்துப் பேராகப் பிரித்துவிடுங்கள். அதற்கு மேல் கூட்டம் சேர்ந்தால் பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும்.

எந்தக் கார்? ஃபோர்டு மாடல் டி இருந்தால் அதில் ஆரம்பியுங்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் தயாரானதால் பல இடங்களில் ஒன்றாவது நிற்கும். தினமும் கார் ஓட்டுகிறவர்களைக் கூப்பிட்டு, இதை எப்படி ஓட்டுவீர்கள் என்று கேளுங்கள். கீழே மூன்று பெடல் இருக்கும், ஆனால் ஆக்சிலரேட்டர் அங்கே கிடையாது; அது ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோல். வலது பெடல் பிரேக், நடுவில் இருப்பது ரிவர்ஸ். பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் சீட்டுக்கு அடியில். பம்ப் இல்லாமல் தானாக வழிந்துதான் இன்ஜினுக்குப் போக வேண்டும். அதனால் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால், டேங்க் இன்ஜினைவிடத் தாழ்ந்து போகாமலிருக்க ரிவர்ஸில் ஏறியிருக்கிறார்கள்.

அப்புறம், உங்கள் குழுவிலேயே விஷயம் தெரிந்தவர் யார் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். எங்களோடு ஒரு பழைய லாரி மெக்கானிக் வந்திருந்தார். "நான் பார்க்காத வண்டியா, எனக்கு அங்கே என்ன வேலை?" என்றவரை விடாப்பிடியாக அழைத்து வந்தேன். ரேடியேட்டருக்குக் கீழே தொங்கிய கம்பி எதற்கு என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். பெரியவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து, ஹேண்டில் போடுவது, அதாவது அந்தக் கம்பியைக் கையால் சுற்றி இன்ஜினை ஸ்டார்ட் செய்வது எப்படி என்று வெறுங்கையால் காட்டினார். கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கம் வைக்க வேண்டும், கம்பியைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து அழுத்தக் கூடாது. பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் முந்தி விழுந்தால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். ஹேண்டில் திரும்பி வந்து கையை உடைத்துவிடும். க்ளீனராக இருந்த வயதில் தனக்கு உடைந்த மணிக்கட்டை நீட்டினார். எலும்பு கோணலாகத்தான் சேர்ந்திருந்தது. பையன்கள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். 1912-இல் கேடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது என்பதை அதற்குப் பிறகு நான் சொன்னபோது, அது ஏன் பெரிய விஷயம் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரைக் கூட்டி வந்ததில் இன்றுவரை எனக்குப் பெருமை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் 1920-களின் தொடக்கத்துக் காருக்குப் பளபளவென்று குரோம் பூசி வைத்திருக்கிறார்கள். அப்போது போட்டது நிக்கல். லேசான மஞ்சள் சாயலோடு மென்மையாக மின்னும். குரோம் கார்களில் பரவியது அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான். நான் நிபுணன் இல்லை, பராமரிப்புச் செலவும் தெரியாதவன் இல்லை. ஆனால் பழையதைப் பார்க்க வந்தவர்களுக்குப் புதுசாக்கிக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். போன் செய்யும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: பெரியவர்கள் உட்கார நாற்காலி உண்டா, குழுவுக்கு வழிகாட்டி கிடைப்பாரா, அன்றைக்கு ஏதாவது காரை ஸ்டார்ட் செய்து காட்டுவார்களா. காட்டுவதாக இருந்தால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சத்தம் கேட்டபின் கூட்டத்தை வேறு காருக்கு நகர்த்துவது ரொம்பக் கஷ்டம்.