புவி சூடானால் வறட்சிதானே வரவேண்டும், வெள்ளம் ஏன் கூடுகிறது?

"வெப்பம் கூடினால் நீர் வற்றத்தானே செய்யும்? வெள்ளமும் கூடும் என்கிறார்களே, எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் நம்பலாம். ஒரே ஊரில், ஒரே காரணத்தால் இரண்டும் நடக்கும்.

ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பெருமழைகளின் கனமும் பெரும்பாலும் அதே அளவில் ஏறுகிறது. ஆனால் உலகின் மொத்த மழை டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதம்தான் கூடுகிறது. கொட்டும் நாளில் அவ்வளவு கூடுதலாகக் கொட்டிவிட்டால், மற்ற நாள்களின் பங்கு குறையத்தான் வேண்டும்.

இதுவரை பலரும் சொல்வதுதான். மண்ணின் கணக்கு இதைவிடக் கடுமையானது. மண் முதல் 5 செ.மீ. மழையைக் குடித்துவிடுகிறது என்று வையுங்கள். 10 செ.மீ. பெய்தால் 5 ஓடும். 12 பெய்தால் 7 ஓடும். மழை கூடியது 20 சதவீதம், ஓடும் நீர் கூடியது 40 சதவீதம்! 8 மட்டும் பெய்தால் 3தான் ஓடும். அதாவது 40 சதவீதக் குறைவு. வெயில் கூடக் கூட, காய்ந்த மண் குடிப்பதும் கூடும். நிஜ ஆற்றில் சரிவு, மண்வகை, அணை என்று ஆயிரம் சிக்கல்கள் உண்டு; போக்கு என்னவோ இதுதான்.

எங்கள் தாமிரபரணிப் பக்கம் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியே அதைவிடக் குறைவு. குளங்கள் பல உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது.

அந்த மழை முழுவதையும் புவி வெப்பமாதலின் கணக்கில் எழுத மாட்டேன். குமரிக்கடலில் காற்றுச் சுழற்சி முன்பும் வந்திருக்கிறது. 2015 சென்னைப் பெருமழையை ஆராய்ந்த அறிவியலாளர்களுக்கும் புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களின் தடயம் தெளிவாகக் கிடைக்கவில்லை. தனியொரு மழையை விட்டுவிட்டு, பல பத்தாண்டுகளின் பதிவுகளைப் பார்ப்பதே நியாயம்.

அதனால் யாராவது ஆண்டு மொத்தத்தைக் காட்டி "மழை மாறவே இல்லையே" என்றால் நாள்வாரிப் பதிவைக் கேளுங்கள்: எத்தனை நாள் பெய்தது, அதிகம் பெய்த நாளில் எத்தனை செ.மீ.?