"95இல் விட்டுப் போனது காணும்" என்கிறார் என் கணவர்

கேள்வி: அக்கா, எனக்கு 69 வயது. கணவருக்கு 76. தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். மானிப்பாயில் என் சீதன வீட்டில், நாலு பரப்புக் காணியில், நாங்கள் இரண்டு பேர் மட்டும். மகன் ரொறன்ரோவில், மகள் லண்டனில். போன மார்கழி மழைக்குள் அவர் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் என்னால் தூக்க ஏலாமல், பக்கத்து வீட்டுத் தம்பி வரும்வரை அரை மணித்தியாலம் குடையைப் பிடித்துக்கொண்டு அவரருகில் குந்தியிருந்தேன். எனக்கும் முழங்கால் நோ. இதைக் கேட்டதிலிருந்து பிள்ளைகள் கோண்டாவில் பக்கம் உள்ள ஒரு முதியோர் குடியிருப்புக்குப் போகச் சொல்கிறார்கள். குளியலறையோடு அறை, மூன்று நேரச் சாப்பாடு, தாதி எல்லாம் உண்டாம். முற்பணம் 15 இலட்சம், மாதம் இரண்டு பேருக்கும் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம். வீட்டை மகன் பெயருக்கு எழுதிவிட்டால் காசு எல்லாம் தான் பார்ப்பதாக அவன் சொல்கிறான். இவர் "95இல் விட்டுப் போனது காணும்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுகிறார். யுத்தத்தில் ஊரோடு இடம்பெயர்ந்ததைத்தான் சொல்கிறார். எனக்கோ, உண்மையைச் சொன்னால், போகவேண்டும் போல இருக்கிறது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. 11 வயதில் ஒரு நாயும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
பெயர் வேண்டாம், மானிப்பாய்

பதில்: தங்கச்சி, போகவேண்டும் போல இருக்கிறது என்று எழுதினீர்களே, அந்த வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. வளவைக் கூட்டி, மூன்று நேரமும் குசினியில் நின்று, இரவில் அவர் எழும்பும் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி படுக்கிறீர்கள். 34 வருடம் ஆஸ்பத்திரி வாட்டுகளில் தாதியாக நின்றவள் நான். கணவரைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு முன்னம் கட்டிலில் விழுந்த மனைவிமாரை எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். உங்கள் களைப்பும் இந்தக் கணக்கில் சேரவேண்டியதுதான்.

சனம் என்ன சொல்லும் என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். எங்கள் பக்கத்தில் முதியோர் இல்லம் என்றால் கைதடிதான் எல்லோருக்கும் நினைவு வரும். அது அரச இல்லம். பார்க்க ஆளில்லாத எத்தனையோ பேருக்கு அதுதான் வீடு. நீங்கள் கேட்பது காசு கட்டி இருக்கும் குடியிருப்பு. உறவினர் இரண்டையும் ஒன்றாக்கிக் கொஞ்ச நாள் கதைப்பார்கள், அப்புறம் விட்டுவிடுவார்கள்.

என் அக்காவின் கதையைச் சொல்கிறேன். அவ 2019இல், 77 வயதில், அப்படி ஒரு இடத்துக்குத் தானே விரும்பிப் போனா. பெயர் வேண்டாம். முதல் மூன்று வருடம் நன்றாகவே இருந்தா. வீட்டில் தனிய இருந்தபோது சமைக்கப் பஞ்சிப்பட்டு பாணும் தேநீருமாக இருந்தவ, அங்கே போய் உடம்பு தேறினா. பிறஷர் குளிசை நேரம் தவறியதில்லை. ஓய்வுபெற்ற ரீச்சர்மார் இரண்டு பேர் சிநேகிதமானார்கள். காலையில் மூன்று பேரும் விறாந்தையில் இருந்து பேப்பரில் மரண அறிவித்தல்களை ஒருவருக்கொருவர் வாசித்து, "இவர் இன்னாருடைய மச்சான் அல்லோ" என்று உறவு முறை பிடிப்பார்கள். பின்னேரம் தேவாரம். நான் போகும் நாட்களில் என்னை இருத்திக் கதைக்கக்கூட அவவுக்கு நேரம் இல்லை. எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

குறைகளும் இருந்தன. இரவுச் சாப்பாடு ஆறரைக்கே வந்துவிடும். எட்டரைச் செய்தி கேட்ட பிறகு சாப்பிட்டுப் பழகிய அக்காவுக்கு விடியற்காலையில் பசிக்கும். அதனால் அலுமாரியில் ஒரு போத்தல் எள்ளுருண்டை எப்போதும் இருக்கும். கொரோனாக் காலத்தில் மாதக்கணக்கில் படலைக்கு வெளியே நின்றுதான் கதைத்தோம். 2022இல் நாட்டில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தைத் தொட்டபோது, மாதக் கட்டணத்தை ஒரே வருடத்தில் இரண்டு தரம் கூட்டினார்கள். வெளிநாட்டுக் காசு வந்தபடியால் தாங்கினோம்.

2023இல் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பவும் அங்கேயே கொண்டுபோய்விட்டு, மூன்று இரவு நான் அவவோடு அறையில் தங்கினேன். கட்டிலின் இடது பக்கச் சுவரில் அழைப்பு மணி. நல்ல மணி, அமத்தினால் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும். ஆனால் அக்காவின் அசையாத கையும் அந்தப் பக்கம்தான். முதல் இரவு இரண்டு மணிக்கு, தண்ணீருக்காக, வலது கையை நெஞ்சுக்கு மேலால் நீட்டி நீட்டிப் பார்த்தா. ஒரு சாண் எட்டவில்லை. என்னை எழுப்பக் கூச்சப்பட்டுச் சத்தம் போடாமல் முயன்றுகொண்டிருந்தா. கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டேன், சுவரில் செருகி அந்தப் பக்கம்தான் என்றார்கள். பழைய நூல்சீலைக் கரையைக் கிழித்து மணியின் கயிற்றில் முடிந்து, கட்டிலுக்கு மேலால் எடுத்து வலது கைக்குள் கொடுத்தேன். அன்றிரவு மணி அடித்தபோது வந்தது ஒரு சின்னப் பிள்ளை. 26 பேருக்கு இரவில் அவள் ஒருத்திதான்.

நாலாம் நாள் முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு, படுக்கை நோயாளியைப் பார்க்கத் தங்களிடம் ஆள் இல்லை, பத்து நாளுக்குள் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றார். உடன்படிக்கையின் மூன்றாம் பக்கத்தில், "தன் வேலைகளைத் தானே செய்யக்கூடியவர்" என்று ஒரு வசனம் இருந்தது. அக்கா வாசிக்கவில்லை, பிள்ளைகள் வாசிக்கவில்லை, இவ்வளவு காலம் தாதியாக இருந்த நானும் வாசிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை. கடைசி ஏழு மாதமும் அக்கா என் வீட்டில்தான் இருந்தா.

ஆகவே கோண்டாவிலில் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, "நாங்கள் படுக்கையில் விழுந்தால் வைத்திருப்பீர்களா?" என்பதாக இருக்கட்டும். வாயால் ஓம் என்பார்கள். எழுத்தில் கேளுங்கள். நினைவு தடுமாறினால் என்ன செய்வார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பகலில் போய் முற்றத்துப் பூங்கன்றைப் பார்த்துவிட்டு வரவேண்டாம். இரவு எட்டு மணிக்குச் சொல்லாமல் போங்கள். இரவுக் கடமையில் எத்தனை பேர், அவர்களில் பயிற்சி பெற்ற தாதி யார் என்று கேளுங்கள். அங்கே படுக்கையில் இருக்கும் ஒருவர் சம்மதித்தால் அவருடைய குதிக்காலைப் பாருங்கள். புரளமுடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரமாவது திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் குதிக்காலும் இடுப்பின் பின்பக்கமும் சிவந்து புண்ணாகும். தண்ணீர்க் குவளை அவருக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு இடம் எப்படி நடக்கிறது என்பதை நான் இந்த இரண்டையும் வைத்துத்தான் மதிப்பேன்.

பதிவையும் விசாரியுங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இப்படியான இடங்கள் பதிந்திருக்க வேண்டும். பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. 15 இலட்சத்தில் விட்டு விலகினால் எவ்வளவு திரும்பும், எத்தனை மாதத்தில், யாருடைய கைக்கு? உங்களில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் அதே அறையில் தனிய இருக்கலாமா, கட்டணம் குறையுமா? கேட்கவே நெஞ்சு அடைக்கும், தெரியும். என்றாலும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வீட்டை மகன் பெயருக்கு எழுதும் கதையை இப்போதைக்கு எடுக்கவே வேண்டாம். அவன் நல்ல பிள்ளை என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. நான் அவனைச் சந்தேகப்படவில்லை. நன்கொடை உறுதி முடித்துவிட்டால் அதை மீட்பது லேசான காரியம் இல்லை. பிள்ளை பெரும் நன்றிகேடாக நடந்தால் நன்கொடையை ரத்துச் செய்ய 2017இல் ஒரு சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு மாவட்ட நீதிமன்றம் ஏறி, பெற்ற பிள்ளைக்கு எதிராக நிரூபிக்க வேண்டும். எந்தத் தாய்க்கு அது ஏலும்? அது உங்கள் சீதனம். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டப்படி உங்கள் கணவர் எழுத்தில் சம்மதிக்காமல் நீங்கள் கொடுக்கவும் முடியாது. எழுதியே ஆகவேண்டும் என்று வந்தால், இரண்டு பேருடைய சீவிய உரித்தையும், அதாவது உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையையும், வைத்து எழுதச் சொல்லி நொத்தாரிசிடம் சொல்லுங்கள். என் விருப்பம், மரண சாதனம் (உயில்) எழுதிவிட்டு உறுதியை உங்கள் அலுமாரியிலேயே வைத்திருப்பது.

இனி உங்கள் கணவரின் பேச்சு. "95இல் விட்டுப் போனது காணும்." இதைப் பிடிவாதம் என்று பிள்ளைகள் நினைக்கக்கூடும். அந்த ஐப்பசி 30ஆம் திகதி இரவு, மழைக்குள், வலிகாமம் முழுக்கச் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது நானும் அந்தச் சனத்துக்குள் இருந்தேன். ஒரு காலை எடுத்து வைக்க மற்றவருடைய கால் விலகவேண்டியிருந்தது. அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்து, கதவு யன்னல் இல்லாத வீட்டைப் பார்த்து, அதைத் திரும்ப ஒவ்வொன்றாகப் பூட்டி எழுப்பியவர்களுக்கு வீடு என்பது என்ன என்று வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். அவரிடம் "வீட்டை விட்டுப் போவோம்" என்ற சொல்லையே எடுக்காதீர்கள்.

நான் நினைப்பது இதுதான். அவர் விழுந்தது மார்கழியில், பாசியில். எங்கள் மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழிவரை. அந்தக் காலம்தான் உங்கள் இரண்டு பேருக்கும் கிணற்றடியும் முற்றமும் ஆபத்து. இந்த வருடம் மழைக்கு மட்டும் போய் இருங்கள். ஐப்பசியில் கிளம்பினால் அவருக்குப் பழைய நினைவு கிளறும். கார்த்திகை விளக்கீட்டுக்கு உங்கள் படலையில் விளக்கு வைத்துவிட்டு, அடுத்த நாள் போங்கள். தைப்பொங்கலுக்கு முதல் திரும்பி வந்து உங்கள் முற்றத்திலேயே பொங்குங்கள். முற்பணம் கட்டாமல், மாதக் கட்டணத்துக்கு மட்டும் ஒன்றரை மாதம் வைத்திருப்பார்களா என்று கேளுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள். ஆட்களை வைத்துப் பார்க்கத் தெரிந்த இடம் இதற்கு மறுக்காது.

அவரிடம், "எனக்கு முழங்கால் ஏலாது, மழைக்கு எனக்காக வாருங்கோ" என்று கேளுங்கள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அங்கே கடிதம் எழுத, படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் எப்படியும் நாலு பேர் இருப்பார்கள். தபாலதிபராக இருந்தவருக்கு வேலைக்குக் குறைவிருக்காது.

பிள்ளைகளிடம் இப்போதே கேட்கவேண்டிய காசு வேறு. கிணற்றடிக்குப் போகாமல் குளிக்க, வீட்டுக்குள் குழாயும் வழுக்காத தரையும், கொமோட்டுக்குப் பக்கத்தில் பிடித்து எழும்ப ஒரு கம்பியும் போட்டுத் தரச் சொல்லுங்கள். இரண்டு மாதக் கட்டணத்துக்குக் கிட்டத்தட்ட அந்த வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். அவர் இரவில் எழும்பும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழும்பட்டும். படுத்த இடத்தால் சடக்கென்று எழும்பினால் பிறஷர் இறங்கித் தலை சுற்றும். 1990 என்ற இலக்கத்தைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அந்த அம்புலன்ஸ் 2018இலிருந்து எங்கள் பக்கமும் ஓடுகிறது, காசு இல்லை. இனி அரை மணித்தியாலம் மழைக்குள் குந்தியிருக்க வேண்டாம்.

போகும்போது இரண்டு பேருடைய கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய சாய்மனைக் கதிரையையும் லாண்ட்மாஸ்ரரில் ஏற்றிவிடுங்கள், இடம் இல்லை என்று சொன்னாலும்.

நாய்க்கு 11 வயது என்றால் அதுவும் உங்களைப் போலத்தான், இடம் மாறினால் சாப்பிடாது. அதை வீட்டிலேயே விடுங்கள். அன்றைக்கு அவரைத் தூக்கிவிட வந்த தம்பியிடமே சாவியைக் கொடுத்து, காலையும் மாலையும் சோறு வைக்கச் சொல்லுங்கள். ஒன்றரை மாதத் தேங்காய் அவனுக்கு. கிழமைக்கு ஒரு நாள் மழை விட்ட நேரம் பார்த்து ஓட்டோ பிடித்து நீங்கள் இரண்டு பேரும் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகலாம். கோண்டாவில் என்ன, கிட்டத்தானே.