தங்கையை நாலாவது எபிசோடில் விட்டது யார்?

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 26 வயது. பதினான்கு வயதிலிருந்து அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள், பார்க்கிறேன். ஓடிடி நிறுவனங்கள் அனிமே தயாரிக்கவும் வெளியிடவும் ஆரம்பித்த பிறகு, சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்றே தெரியவில்லை. நல்ல தரத்தில், நேர் வழியில் பார்க்க முடிகிறது. ஆனால் முழு சீசனையும் ஒரே நாளில் கொட்டிவிடுகிறார்கள். வாரம் முழுக்க அடுத்த எபிசோடைப் பற்றிப் பேசிக் காத்திருந்த பொற்காலத்தைக் கொன்றுவிட்டார்கள். அப்போதெல்லாம் ரசிகர்களே சப்டைட்டில் போட்டு இணையத்தில் ஏற்றுவார்கள். தங்கைக்கு அப்போது ஏழு வயது. எழுத்து ஓடுகிற வேகத்துக்கு அவளால் படிக்க முடியாது. நான்தான் நிறுத்தி நிறுத்தி வாசித்துச் சொல்வேன்.

போன மாதம் வந்த ஒரு பத்து எபிசோடு தொடரில் நாலு பார்த்திருந்தோம். ஒரு ராத்திரி தூக்கம் வராமல் மிச்சத்தையும் முடித்துவிட்டேன். பேச ஆளில்லை. நண்பர்கள் சிலர் ஆரம்பிக்கவே இல்லை, சிலர் என்றோ முடித்து மறந்துவிட்டார்கள். தங்கை பரீட்சைக்குப் படிப்பதால் நாலாவதோடு நிற்கிறாள், அவளிடமும் பேச முடியாது. இத்தனை பணம் புழங்கியும் வரைகிறவர்களுக்கு ஒன்றும் போய்ச் சேருவதில்லை என்றும் படிக்கிறேன். இந்த நிறுவனங்கள் அனிமேவை வாழவைக்கின்றனவா, கெடுக்கின்றனவா? சந்தாவை நிறுத்திவிட்டுப் பழையபடி திருட்டுத் தளங்களுக்கே போய்விடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்பு மகனுக்கு,

உன் தங்கை ஏன் இன்னும் நாலாவது எபிசோடில் நிற்கிறாள்?

ஓடிடி நிறுவனங்களைப் பற்றி நீ எழுதிய புகார்கள் எனக்குப் புதிதல்ல. தொடரின் பெயர்தான் மாறும், ஆதங்கம் அதேதான். அவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் போகிறபோக்கில் அரை வரியில் நீ தாண்டிப்போன அந்தப் பெண்ணை விட்டுவிட்டு என்னால் வேறு எதையும் பேச முடியவில்லை.

நாலு எபிசோடு சேர்ந்து பார்த்தீர்கள். பரீட்சை வந்தது, அவள் புத்தகத்தை எடுத்தாள். அண்ணன் காத்திருப்பான் என்று நினைத்திருப்பாள். 'எனக்காக நிறுத்தி வை' என்று கேட்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியிருக்காது. ஏழு வயதிலிருந்து அவள் பார்த்த அண்ணன் அவளுக்காக நிறுத்துகிறவன். நீயோ ஒரே ராத்திரியில் மிச்சம் ஆறையும் பார்த்துத் தீர்த்துவிட்டு, பேச ஆளில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறாய்.

காத்திருந்து பார்க்கிற காலத்தை நிறுவனங்கள் கொன்றுவிட்டன என்கிறாய். உன் வீட்டில் அந்தக் காலம் என்பது மொத்தமே இரண்டு பேர். ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள். இன்னொருவன் கையில் ரிமோட் இருந்தது. ஒரு எபிசோடு முடிந்து அடுத்தது தானாக ஓட ஆரம்பிப்பதற்கு முன் திரையில் சில விநாடிகள் கவுன்ட்டவுன் ஓடுமே, அது அன்று ராத்திரி உனக்கு ஐந்து முறை கிடைத்தது. ஐந்து முறையும் நீ நிறுத்தவில்லை. பத்தையும் மொத்தமாகக் கொடுத்தது நிறுவனம்தான். அவளை விட்டுவிட்டுப் பார்க்கச் சொல்லி உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

மொத்தமாக வெளியிடுவதில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஜோஜோ தொடரின் முந்தைய பாகங்கள் வாரம் ஒன்றாக வந்தன. வெள்ளிக்கிழமை என்றாலே ஜோஜோ என்று பல நாட்டு ரசிகர்கள் பழகியிருந்தார்கள். 'ஸ்டோன் ஓஷன்' பாகம் 2021 டிசம்பர் 1 அன்று பன்னிரண்டு எபிசோடாக ஒரே மூச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அடுத்த பன்னிரண்டுக்கு 2022 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்று மாதம் வாரவாரம் பேசியிருக்க வேண்டிய கதையைச் சில நாளில் பேசி முடித்துவிட்டு, பிறகு ஒன்பது மாதம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய கோபம் நியாயமான கோபம்.

அதே சமயம் 2018 ஜனவரியில் மசாக்கி யுவாசா இயக்கிய 'டெவில்மேன் கிரைபேபி'யும் பத்து எபிசோடாக ஒரே நாளில்தான் வந்தது. அதிலிருக்கும் வன்முறையும் வெளிப்படையான காட்சிகளும் தொலைக்காட்சியில் வெட்டுப்படாமல் வந்திருக்காது. அப்படி ஒரு படைப்பு முழு உருவத்தில் வர ஓடிடி தேவைப்பட்டது. 2022 செப்டம்பரில் 'சைபர்பங்க் எட்ஜ்ரன்னர்ஸ்' பத்தும் ஒன்றாக வந்தது. யாரும் நாலு நாளில் மறக்கவில்லை. பார்த்தவர்கள் அந்தக் கதை நடக்கும் வீடியோ கேமைத் தேடிப்போய் மறுபடி விளையாட ஆரம்பித்தார்கள். பிறகு நெட்ஃபிளிக்ஸே வாரம் ஒன்று என்ற வழிக்கும் வந்தது. 2024 ஜனவரியில் 'டெலிஷியஸ் இன் டன்ஜன்', அக்டோபரில் 'டான்டாடான்', இரண்டும் வாரவாரம் வந்தவை. அவ்வளவு பெரிய நிறுவனத்தால் வாரம் ஒன்று என்று நிறுத்தி நிறுத்திக் கொடுக்க முடிந்திருக்கிறது. ஒரு அண்ணனால் முடியாதா?

பழைய காலத்தைப் பொற்காலம் என்கிறாய். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரசிகர்கள் தூக்கம் கெட்டு சப்டைட்டில் போட்டார்கள், அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்தப் படத்தை வரைந்தவருக்கு அதிலிருந்து காலணா போகவில்லை. இன்று சட்டப்படி இயங்கும் கிரஞ்சிரோல் என்ற அனிமேத் தளம்கூட 2006-ல் அனுமதியில்லாமல் ஏற்றிய எபிசோடுகளோடு தொடங்கியதுதான். 2009-ல்தான் நேர் வழிக்கு வந்தது. நேர் வழிக்கு வந்த பிறகும் ரசிகர்களை வதைத்தவர்கள் உண்டு. 'லிட்டில் விட்ச் அகாடமியா' 2017 ஜனவரியில் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. உரிமையை வைத்திருந்த நெட்ஃபிளிக்ஸ் வெளிநாட்டு ரசிகர்களுக்கு அதை ஜூன் கடைசியில்தான் திறந்துவிட்டது. தொடர்களை நெட்ஃபிளிக்ஸ் சிறையில் போடுகிறது என்று ரசிகர்கள் எரிச்சலோடு சொன்னது சும்மா இல்லை.

ஆனால் மகனே, உன் பொற்காலத்தில் பொன்னாக இருந்தது எது? ஏழு வயதுப் பெண் ஒருத்தி உன் பக்கத்தில் உட்கார்ந்து, நீ வாசிப்பதற்காக உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வரிக்கு ஒரு முறை படத்தை நிறுத்தினாய். இருபத்து நாலு நிமிஷ எபிசோடு உங்களுக்கு எவ்வளவு நேரம் ஓடியிருக்கும்! அன்று உனக்கு அது சலிக்கவில்லை. அதை எந்தத் தளமும் உங்களுக்குக் கொடுக்கவில்லை, நீ கொடுத்தாய். இப்போது அவள் தானே படித்துக்கொள்வாள் என்றதும் அவளை இறக்கிவிட்டுவிட்டாய். இந்த ரசனைக்குள் அவளைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போனவன் நீ. மூத்தவனாகப் பிறந்தவனுக்கு இது கடமை: கூட்டிக்கொண்டு போனவளைப் பாதியில் விடக்கூடாது. பொழுதுபோக்கில் என்ன கடமை என்று கேட்பாய். அண்ணன் தங்கை உறவு பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான் வளர்கிறது, இவற்றில்தான் தேய்ந்தும் போகிறது. பெரிய கஷ்டம் வரும்போது ஓடி வந்து நிற்பேன் என்று சொல்கிற அண்ணன்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரு பரீட்சை முடிகிறவரை காத்திருக்க அவர்களால் முடிவதில்லை.

வரைகிறவர்களுக்காக நீ வருத்தப்படுவது நல்ல குணம். அந்த வருத்தத்தை ஓடிடிக்கு முன்னாலிருந்தே தொடங்கு. 1963-ல் ஒசாமு தெசூக்காவின் 'ஆஸ்ட்ரோ பாய்' தொலைக்காட்சிக்குப் போனபோது, ஆகிற செலவைவிடக் குறைந்த விலைக்கே விற்கப்பட்டது. கதாபாத்திர உரிமை போன்ற மற்ற வருமானத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. அனிமே என்றால் இவ்வளவுதான் விலை என்ற பழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு தயாரிப்புக் குழு முறை வந்தது. தொலைக்காட்சி நிலையம், மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைப் பதிப்பாளர், பொம்மை நிறுவனம், இசை நிறுவனம் எல்லாம் சேர்ந்து பணம் போடுவார்கள். தொடர் வெற்றி பெற்றால் லாபம் பணம் போட்டவர்களுக்கு. குழுவில் பங்கு இல்லாத ஸ்டுடியோவுக்குப் பேசிய கூலி மட்டும். ஒரு கதாபாத்திரம் தலையைத் திருப்புகிறது என்றால், திருப்புவதற்கு முந்தைய படத்துக்கும் பிந்தைய படத்துக்கும் நடுவில் வருகிற ஒவ்வொரு நிலையையும் ஒரு இளைஞர் உட்கார்ந்து கோடு கோடாக வரைய வேண்டும். அப்படி ஒரு படத்துக்குச் சுமார் 200 யென் என்பதுதான் பல வருடங்களாகப் பேசப்படுகிற கூலி. ஒரு நாளில் எத்தனை வரைந்தால் மாத வாடகை கட்ட முடியும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

ஓடிடி அந்தக் குழுவைத் தாண்டி நேராக ஸ்டுடியோவிடம் வந்தது. 2018 ஜனவரியில் புரொடக்ஷன் ஐ.ஜி., போன்ஸ் ஆகிய ஸ்டுடியோக்களோடு நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தம் போட்டது. 2021-ல் விட் ஸ்டுடியோவோடு சேர்ந்து, படிப்புச் செலவையும் வாழ்க்கைச் செலவையும் ஏற்றுக்கொண்டு புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க முன்வந்தது. இவை நல்ல காரியங்கள். ஆனால் முன்பணமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால், தொடர் உலகமெங்கும் ஓடினாலும் ஸ்டுடியோவுக்கு மேற்கொண்டு பெரிதாக வருவதில்லை என்ற குறை இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற முழுக் கணக்கும் நிறுவனத்தின் கையில்தான். ஜப்பான் அனிமேஷன் சங்கத்தின் கணக்குப்படி 2023-ல் அனிமேச் சந்தையின் மொத்த அளவு சுமார் 3.3 லட்சம் கோடி யென். அதில் பாதிக்கு மேல், சுமார் 1.7 லட்சம் கோடி, ஜப்பானுக்கு வெளியேயிருந்து வந்தது. பணம் இல்லாமல் இல்லை. 2022-ல் 'செயின்சா மேன்' தொடருக்கு மாப்பா ஸ்டுடியோ குழு எதுவும் இல்லாமல் முழுப் பணத்தையும் தானே போட்டது, லாபமும் நட்டமும் தன்னுடையதாக இருக்கட்டும் என்று. ஸ்டுடியோக்கள் அந்தப் பக்கம் நகர வேண்டும் என்பது என் ஆசை. வேலை வாங்குகிறவன், செய்கிறவனுடைய குடும்பம் நடக்கிற அளவுக்குக் கொடுக்க வேண்டும். வாங்குவது தொலைக்காட்சியா, ஓடிடியா என்பதெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான்.

எனவே திருட்டுத் தளத்துக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்காதே. வரைகிறவனுக்குக் கூலி குறைவு என்று அழுதுகொண்டே அந்தக் கூலியும் வராத இடத்தில் போய்ப் பார்ப்பேன் என்கிறாய். ஒரு நிறுவனத்தின் போக்கு பிடிக்கவில்லையென்றால் சந்தாவை நிறுத்து, அதன் தொடரைப் பார்க்காமல் இரு. அது நேர்மையான கோபம். மனசுக்குப் பிடித்த தொடருக்கு டிஸ்க் வந்தால் வாங்கி வை. ஃபனிமேஷன் என்ற அனிமேத் தளம் 2024 ஏப்ரல் 2 அன்று மூடப்பட்டபோது, டிஸ்க்கோடு கிடைத்த டிஜிட்டல் பிரதிகளை அங்கே சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அவை போயின. அலமாரியில் இருந்த டிஸ்க்கை யாராலும் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. மிச்சத்தைப் பார்த்து முடித்துவிட்டாய் என்று தங்கையிடம் இன்றே சொல். பரீட்சை நேரத்தில் எதற்கு என்று சாக்குத் தேடாதே. ஒரு நிமிஷப் பேச்சு. சொல்லாமல் மறைத்து, முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து நடிக்கலாம் என்று நினைத்தால் அதையும் விட்டுவிடு. பிறந்ததிலிருந்து உன் முகத்தைப் பார்த்து வளர்ந்தவள், ஏழாவது எபிசோடு தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிடுவாள். கோபப்பட்டால் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள். 'அதனால் என்ன அண்ணா, நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்' என்று சிரித்துக்கொண்டே சொன்னால்தான் நீ கவலைப்பட வேண்டும். உன்னிடம் எதிர்பார்ப்பதையே அவள் விட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அப்போது சரி என்று நகர்ந்துவிடாதே. 'எனக்கு உன்னோடு பார்க்கணும்' என்று வாய்விட்டுச் சொல்.

பரீட்சை முடிந்ததும் ஐந்தாவதிலிருந்து ஆரம்பியுங்கள். வாரத்துக்கு ஒன்று. நாளும் நேரமும் அவள் சொல்லட்டும். உன் மொபைலை வேறு அறையில் வைத்துவிட்டு வா. எபிசோடு முடிந்ததும் அவள் முதலில் பேசட்டும். அடுத்து என்ன நடக்கும் என்று அவள் ஊகித்துக்கொண்டே போவாள், நடுவில் சரியாகவும் சொல்லிவிடுவாள், உன் முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. கஷ்டம்தான், பழகிக்கொள். நடுவில் ஒரு வாரம் அவளுக்கு முடியவில்லையென்றால் அந்த வாரம் உனக்கும் இல்லை.

இது முடிய ஆறு வாரம் ஆகும். அதுவரை சந்தா ஓடட்டும். பத்தாவதையும் பார்த்த பிறகு, வைத்திருப்பதா நிறுத்துவதா என்பதை அவளையும் கேட்டு இரண்டு பேருமாக முடிவு செய்யுங்கள்.