மதம் போருக்குக் காரணமா? மாஸ்டரிடம் கேள்வி பதில்

மாஸ்டர்: எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். இன்றைக்கு மதத்தையும் போரையும் பற்றி மட்டும் கேளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: எந்தப் போரைச் சொன்னாலும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'அந்தக் காலத்தில்', 'காலங்காலமாக' என்று தொடங்குகிற கேள்வியை அப்படியே தாண்டிப் போய்விடுவேன்.

உவர்மலைப் பெடியன்: சேர், நேராகவே கேட்கிறேன். மதம் இல்லாவிட்டால் உலகத்தில் போரே இருக்காதுதானே?

மாஸ்டர்: இருக்கும் தம்பி. சோழரும் கல்யாணிச் சாளுக்கியரும் இரண்டு பக்கமும் சிவனைக் கும்பிட்டுக்கொண்டே தலைமுறை தலைமுறையாக அடிபட்டவர்கள். 1994இல் ருவாண்டாவில் கொன்றவர்களும் செத்தவர்களும் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். தேவாலயத்துக்குள் ஓடி ஒளித்தவர்களை அங்கேயே வைத்துக் கொன்றார்கள். 1980 முதல் 1988 வரை ஈரானோடு சண்டை பிடித்த ஈராக் படையில் ஷீஆச் சிப்பாய்கள் ஏராளம், எதிரே நின்ற ஈரானும் ஷீஆ நாடுதான். மதத்தை எடுத்துவிட்டாலும் நிலம் இருக்கும், வரி இருக்கும், துறைமுகம் இருக்கும்.

உயர்தர மாணவி: சேர், அப்படியென்றால் எதை மதப்போர் என்று சொல்வது? ஒரு வரைவிலக்கணம் தந்தால் பரீட்சைக்கும் உதவும்.

மாஸ்டர்: பரீட்சைக்கு உங்கள் ஆசிரியர் சொன்னதை எழுதுங்கள் பிள்ளை. எனக்கென்று ஒரு சோதனை இருக்கிறது, அதைச் சொல்கிறேன். மதம் மாறினால் உயிர் தப்பலாமா?

1572இல் பாரிஸில் புரட்டஸ்தாந்தரை வெட்டினார்களே, அந்த நேரம் அங்கே இருந்த நவார் ஹென்றி கத்தோலிக்கனாக மாறுகிறேன் என்று சொல்லித் தப்பினான். பிறகு பழைய மதத்துக்குத் திரும்பிப் போய், 1593இல் மறுபடி கத்தோலிக்கனாகி, அடுத்த ஆண்டு பாரிஸுக்குள் ராஜாவாகவே நுழைந்தான். அங்கே மதம் மாறுவது வெளியே வர ஒரு வாசல். அதை மதப்போர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இனி நம் நாட்டுக்கு வாருங்கள். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் கொழும்பில் ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு என்ன நடந்தது? பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பத்துக்கு நடந்ததுதான். ஞானஸ்நானச் சான்றிதழ் யாரையும் காப்பாற்றவில்லை. அதைவிட, தமிழரசுக் கட்சியை 1949இல் தொடங்கிய செல்வநாயகம் கிறிஸ்தவர். அவருக்குப் பின்னால் நின்ற சனம் பெரும்பாலும் சைவர்கள். 1952 தேர்தலில் காங்கேசன்துறையில் அவர் தோற்றார். 'வேதக்காரனுக்கா வாக்கு' என்ற கதையும் அப்போது ஊரில் அடிபட்டது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டம் வந்த 1956இல் அதே தொகுதியில் வென்றார். மொழிக்கு வெட்டு விழப்போகிறது என்றதும் சனம் மதத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டது. எதிர்ப்பக்கம், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பண்டாரநாயக்க அங்கிலிக்கனாகப் பிறந்து பௌத்தரானவர். அவரை 1959இல் சுட்டது ஒரு பௌத்த பிக்கு.

வெள்ளவத்தை: மாஸ்டர், 83இல் பஸ்ஸை மறித்துக் காதா, அதாவது பௌத்தர் ஓதுகிற பாட்டு, சொல்லச் சொன்னார்களே, அது மதம் இல்லையா?

மாஸ்டர்: நல்ல கேள்வி, ஆண்டும் சொல்லியிருக்கிறீர்கள். காதா கேட்டது நம்பிக்கையைச் சோதிக்க இல்லை, ஆள் சிங்களமா தமிழா என்று பார்க்க. காதாவை மனப்பாடமாகச் சொன்ன தமிழன் தப்பினானென்றால் அவனைச் சிங்களவன் என்று எண்ணியதால் தப்பினான், பௌத்தன் ஆனதால் இல்லை. மதம் அங்கே அடையாள அட்டை வேலை பார்த்தது. அதற்காக மதத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, 1978இலும் அது தொடர்ந்தது. அந்த ஒரு வரி எத்தனை பேரை 'இது நம் நாடு இல்லையோ' என்று நினைக்க வைத்தது என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

கனடாவில் இருந்து: உலகத்தில் நடந்த 1763 போர்களில் 123 மட்டும்தான் மதப்போர், அதாவது நூற்றுக்கு ஏழு என்று ஒரு கலைக்களஞ்சியத்தில் இருக்கிறதாம். விஷயம் முடிந்ததுதானே?

மாஸ்டர்: முடியவில்லை. அந்த எண்ணை எனக்கும் பலர் அனுப்பியிருக்கிறார்கள். முப்பதாண்டுப் போரும் ஒன்று, எங்கோ எல்லையில் நடந்த ஒரு கைகலப்பும் ஒன்று என்று எண்ணினால் வருகிற கணக்கு அது. பாதி மதம் பாதி வரி என்று நடந்த போரை எந்தப் பெட்டிக்குள் போட்டார்கள்? மதத்தைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், மதத்தைத் திட்ட நினைக்கிறவர்கள் சிலுவைப்போரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இரண்டு பேருக்கும் வேலை மிச்சம்.

பெயர் வேண்டாம்: எந்த மதம் கூடுதலாகக் கொன்றது?

மாஸ்டர்: பதில் இல்லை. அடுத்தது.

உப்புவெளி: மதமே கிளப்பிவிட்ட போர் ஒன்றுகூட இல்லையா சேர்?

மாஸ்டர்: இருக்கிறது. சீனாவில் தைப்பிங் கலகம், 1850 முதல் 1864 வரை. அரசுப் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்ற ஹோங் சியூசுவான் என்ற ஆள் தன்னை இயேசுவின் தம்பி என்று நம்பினான். இரண்டு கோடிப் பேர் செத்ததாகக் கணக்கு. பசியும் ஊழலும் அங்கேயும் இருந்தன, ஆனால் அவனுடைய தரிசனத்தை எடுத்துவிட்டால் அந்தப் படையே இல்லை. 1095இல் போப்பாண்டவர் இரண்டாம் உர்பான் கூப்பிட்ட முதலாம் சிலுவைப்போரும் அப்படித்தான். சொத்தை விற்றுக் கடன்பட்டுப் போனவர்கள் பலர், லாபக் கணக்கை மட்டும் வைத்து அதை விளக்க ஏலாது. ஆனால் நாலாம் சிலுவைப்போருக்குப் போனவர்கள் எருசலேமுக்கு என்று புறப்பட்டு, கடனுக்கும் அரசுரிமைக்கும் இழுபட்டு, 1204இல் கிறிஸ்தவ நகரமான கொன்ஸ்தாந்திநோப்பிளைக் கொள்ளையடித்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கோணமலையான்: வெளிநாட்டுக் கதையெல்லாம் இருக்கட்டும். நம் வீட்டு வாசலுக்கு வாருங்கள் மாஸ்டர். 1622இல் போர்த்துக்கேயப் பறங்கி கோணேசர் கோயிலை இடித்தான். அது மதம் இல்லாமல் வேறென்ன?

மாஸ்டர்: இது எப்படியும் வரும் என்று தெரியும். இரண்டு கேள்வியை ஒன்றாகப் போட்டுக் குழைக்கிறீர்கள். ஏன் வந்தான் என்பது ஒன்று. வந்த இடத்தில் என்ன செய்தான் என்பது வேறு.

ஏன் வந்தான்? 1620இல் டேனிஷ்காரர் கண்டி அரசன் செனரத்தோடு உடன்படிக்கை பேசிக்கொண்டு திருகோணமலைக்கு வந்து கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அது சரிவராமல் அடுத்த ஆண்டே விட்டுவிட்டுப் போனார்கள், தரங்கம்பாடியில்தான் கால் ஊன்றினார்கள். இவ்வளவு பெரிய இயற்கைத் துறைமுகத்தை இன்னொரு ஐரோப்பியன் பிடித்தால் தன் கதை முடிந்தது என்று போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு டி சா பயந்தான். மலையில் கோட்டை எழும்பியதற்குப் பின்னால் இருந்தது அந்தப் பயம். 1639இல் ஒல்லாந்தர் கண்டியின் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து அதைப் பிடித்தார்கள்: புரட்டஸ்தாந்தரும் பௌத்த ராஜாவும் கூட்டு, எதிரி கத்தோலிக்கன்.

கோணமலையான்: கோட்டைக்குக் கல் வேண்டுமென்றால் அந்த மலை முழுக்கக் கல்தானே? கோயிலில் ஏன் கை வைத்தான்?

மாஸ்டர்: செதுக்கி முடித்த கல் தயாராக நிற்கும்போது மலையை உடைக்க யார் போவான். அந்தக் கோட்டைதான் இப்போது பிரெட்ரிக் கோட்டை, இன்றைக்கும் அதன் வாசலில் நின்று பாருங்கள், இரட்டை மீனும் தேய்ந்துபோன தமிழ் எழுத்தும் உள்ள கல் அந்த நிலையிலேயே இருக்கிறது. மானுக்குப் பிஸ்கட் கொடுத்துப் படம் எடுக்கிற அவசரத்தில் பலர் அதைக் கவனிக்கிறதே இல்லை.

நிலாவெளி: சேர் சொல்வது சரி. எல்லாம் துறைமுகம்தான். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டதும் துறைமுகத்துக்குத்தான், கோணேசருக்கு இல்லை.

கோணமலையான்: துறைமுகம் துறைமுகம் என்று சாமியை மறைக்கிறீர்கள். சித்திரை வருடப்பிறப்பு அன்று, சாமி ஊர்வலம் போன நேரம் பார்த்து, ஐயர் வேடத்தில் ஆட்களை உள்ளே விட்டான் என்று ஊரே சொல்கிறதே. கல் எடுக்க வருகிறவன் வருடப்பிறப்பு நாளைத் தேடுவானா?

மாஸ்டர்: சனம் குறைந்த நேரத்தைத் தேடினான் என்றும் சொல்லலாம். ஆனால் நீங்கள் கோபப்படுகிற இடத்தில் நியாயம் இருக்கிறது, அதனால் உங்கள் பக்கத்துக்கு இதைவிட வலுவான சாட்சியை நானே தருகிறேன். 1588, தேவந்துறை. அங்கேயும் பெரிய கோயில். சீதாவாக்கை முதலாம் இராஜசிங்கன் கொழும்பை முற்றுகை போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். அவன் கவனத்தைத் திருப்பப் போர்த்துக்கேயர் தெற்குக் கரையோரத்தைக் கடலால் போய்த் தாக்கினார்கள், அதில் அந்தக் கோயில் அழிந்தது. போனது முற்றுகையை உடைக்க, இதில் வேதம் இல்லை. ஆனால் கொள்ளையடித்து முடித்த பிறகு கருவறைக்குள் பசுவை வெட்டினார்கள் என்று அவர்களின் சொந்த வரலாற்றாசிரியரே எழுதி வைத்திருக்கிறார். கருவறையில் பசுவை வெட்டினால் கொழும்பு முற்றுகை ஒரு மணி நேரம்கூடக் குறையாது. அதற்கு இராணுவக் காரணம் எதுவும் கிடையாது.

நான் இவ்வளவு நேரமும் சொல்ல வருவது இதைத்தான். படையைக் கிளப்புகிறது பெரும்பாலும் வேறு சங்கதி. கிளம்பிய படை எவ்வளவு தூரம் போகலாம், எதைச் செய்துவிட்டு இரவில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்லிக்கொடுக்கிற இடத்தில்தான் மதம் நிற்கிறது. மகாவம்சத்தில் பாருங்கள். எல்லாளனை வென்ற துட்டகைமுனு இத்தனை பேரைக் கொன்றோமே என்று வருந்தினபோது, தேற்ற வந்த அரகந்தர்கள், அதாவது ஞானம் பெற்ற பிக்குகள், கொல்லப்பட்டவர்கள் ஒன்றரை மனிதர்தான், மற்றவர்கள் மிருகத்துக்குச் சமம் என்கிறார்கள். அந்த வரியில் யுத்தத்துக்குக் காரணம் தேடாதீர்கள், அது யுத்தம் முடிந்த பிறகு கொடுக்கிற மருந்து. ஆனால் அடுத்த யுத்தத்துக்குப் போகிறவன் அதைக் குடித்துவிட்டே போகிறான்.

கோணமலையான்: கடைசியில் மதம்தான் என்கிறீர்கள்.

மாஸ்டர்: இல்லை. மறுபடி வாசியுங்கள்.

பாலையூற்று: எங்கள் கேள்விகளும் கொஞ்சம் வரிசையில் நிற்கின்றன, கோணமலையான் அண்ணை.

லண்டனில் இருந்து: சோழர் அனுராதபுரத்து விகாரைகளைக் கொள்ளையடித்ததை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள் மாஸ்டர்?

மாஸ்டர்: ஆண்டு போடவில்லை, ஆனாலும் விடுகிறேன். 993இல் இராசராசன் படையும், 1017இல் இராசேந்திரன் படையும். கொள்ளை நடந்தது, மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் அதே சோழர் ஆட்சியில் நம் பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரை 'இராசராசப் பெரும்பள்ளி' என்ற பெயரோடு வாழ்ந்தது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகளில் தமிழர் புத்தருக்குக் கொடுத்த தானம் இருக்கிறது. நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்ததும் இராசராசன்தான். பொன் இருந்த விகாரையில் கை வைத்தார்கள், தங்கள் ஆட்சிக்குள் அடங்கிய விகாரைக்கு விளக்கு வைத்தார்கள். மதவெறி என்றால் இரண்டையும் இடித்திருக்க வேண்டும்.

பெயர் வேண்டாம்: எந்த மதம் கூடுதலாகக் கொன்றது என்று கேட்டேன், பதில் வரவில்லை.

மாஸ்டர்: வராது.

மூதூர் நானா: மாஸ்டர், 2006இல் மாவிலாற்று அணைக்கதவைப் புலிகள் மூடின நேரம் தொடங்கின சண்டையில் நாங்கள் மூதூரை விட்டுக் கந்தளாய்க்கு ஓடினோம். அதற்கு முன்னம் 1990இல் அவர்கள் காத்தான்குடிப் பள்ளிவாசலில் சுட்டார்கள், அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். நாங்களும் தமிழ்தான் பேசுகிறோம். மதம் ஒன்றுதான் வித்தியாசம். இதுவும் மதப்போர் இல்லை என்பீர்களா?

மாஸ்டர்: நானா, இன்று வந்ததில் இதுதான் கஷ்டமான கேள்வி. என் சோதனையைப் போட்டுப் பார்த்தால், யாழ்ப்பாணத்தில் வெளியேறச் சொன்னவர்கள் 'மதம் மாறினால் இருக்கலாம்' என்று சொல்லவில்லை. அல்லாஹ்வைப் பற்றி அங்கே வாக்குவாதமே இல்லை. அந்த வகையில் அது மதப்போர் இல்லை. ஆனால் தொழுகையில் குனிந்து நின்றவர்களைச் சுட்டவனுக்கு, பள்ளிவாசல் என்பது ஆட்கள் ஒரே இடத்தில் கூடுகிற நேரம் தெரிந்த இடம். யாரைச் சுடுவது என்று அவன் மதத்தை வைத்துத்தான் பிரித்தான். மொழியால் ஒரே சனம் என்று மேடையில் பேசின இயக்கம் மதத்தை வைத்து ஆளைப் பிரித்ததைத் தமிழர்களாகிய நாங்கள் 'அது அரசியல்' என்று சொல்லித் தட்டிக்கழிக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்கிறதில்லை.

பஸ் நிலையம்: 2005 மே மாதம் நகரத்தில் வைத்த புத்தர் சிலை?

மாஸ்டர்: காணிப் பிரச்சினை. மாவட்டத்தில் 1881இல் சிங்களவர் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு, கந்தளாய், அல்லைக் குடியேற்றங்களுக்குப் பிறகு 1981இல் மூன்றில் ஒரு பங்கு. அந்த மாற்றத்தின் மேலே வைத்த சிலை அது. புத்தருக்கு அதில் சம்பந்தம் குறைவு.

தம்பலகாமம்: கன்னியா வெந்நீர்க் கிணறு யாருக்குச் சொந்தம்?

மாஸ்டர்: அது நீதிமன்றம் வரை போன விஷயம். வழக்கறிஞரைக் கேளுங்கள்.

சீனன்குடா: பகவத் கீதை போரைத் தூண்டுகிறதா?

மாஸ்டர்: என் பாடம் இல்லை.

மட்டக்களப்பில் இருந்து: காலங்காலமாக முஸ்லிம்களும் மற்றவர்களும் இந்த நாட்டில்...

மாஸ்டர்: ஆண்டு!

மட்டக்களப்பில் இருந்து: சரி சேர், 1626. போர்த்துக்கேயர் துரத்தின முஸ்லிம்களைச் செனரத் மன்னன் கிழக்கில் குடியேற்றினான் என்கிறார்கள். உண்மையா? அவன் பௌத்தன்தானே, ஏன் செய்தான்?

மாஸ்டர்: உண்மை. நாலாயிரம் பேர் என்று போர்த்துக்கேயப் பதிவு சொல்கிறது. அந்தப் பக்கம் கத்தோலிக்க மதமே மனிதரைத் துரத்தினது, அதில் வியாபாரப் போட்டியும் சேர்ந்திருந்தது. இந்தப் பக்கம் செனரத்துக்குக் கடலோரத்தில் ஆள்பலமும் வியாபாரமும் வேண்டியிருந்தது, போர்த்துக்கேயரை வெறுக்கிறவர்கள் கரையில் இருந்தால் அவனுக்கு நல்லது. இரக்கம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட எனக்கு வழியில்லை. வந்தவர்களை அவன் மதம் மாறச் சொன்னதாக மட்டும் எங்கேயும் நான் வாசித்ததில்லை. கோணமலையான் இன்னும் இரண்டு நீளமான பதில் போட்டிருக்கிறார், தேவந்துறையைப் பற்றி. அவருக்குத் தனியாக எழுதுகிறேன். மற்றவர்கள் போய்ச் சாப்பிடுங்கள்.