பதினாலாம் கட்டில்

அன்புள்ள அக்கா,

வடக்கிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் பதினொரு வருடமாகத் தாதியாக இருக்கிறேன். போன மாதம் உளவியல் ஆய்வு செய்யும் ஒருவர் வந்து, வேலைக் களைப்பு பற்றி எங்களுக்கு ஒரு வினாக்கொத்து தந்தார். இந்த வேலைக்கு வந்தபின் மனிதர்மேல் இருந்த ஈரம் குறைந்ததாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. 'ஒருபோதும் இல்லை' என்று அடையாளமிட்டேன். அது பொய். முதல்நாள் இரவுக் கடமையில் ஓர் ஐயா, "பிள்ளை, என்னை எப்ப வீட்டை விடுவினம்?" என்று மூன்றாம் தரம் கேட்டபோது, கேளாததுபோல் நடந்துபோனேன். "பதினாலாம் கட்டில் திரும்பவும் தொடங்கீட்டுது" என்று கூட நின்றவளிடம் சொன்னேன். இரண்டு நாளில் அவர் இறந்துவிட்டார். மூத்த தாதி ஒருவரிடம் இதைச் சொன்னால், "நாங்கள் சண்டைக்குள்ள வேலை செய்தனாங்கள். உங்களுக்கு என்ன ஸ்ட்ரெஸ்?" என்கிறார். நான் கெட்டுப்போனேனா அக்கா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

இல்லை. நீங்கள் கெட்டுப்போகவில்லை.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் வெளியிட்ட 22 கேள்விகள் கொண்ட அளவுகோலின் வழிவந்தது அது. மனம் வற்றிக் களைத்துப்போவது, நோயாளியை ஆளாகப் பார்க்காமல் போவது, செய்வதில் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது என்று மூன்றை அது தனித்தனியாக அளக்கிறது. நீங்கள் பொய் சொன்ன கேள்வி இரண்டாவதைச் சேர்ந்தது. பெயரைக் கட்டில் இலக்கம் விழுங்கிவிடுவது அங்கேதான்.

மஸ்லாக் இந்த ஆய்வுக்கு வந்த வழியை நான் அடிக்கடி நினைப்பேன். 1971இல் ஸ்டான்போர்டில் பிலிப் சிம்பார்டோ ஒரு போலிச் சிறை அமைத்து, மாணவர்களைக் காவலராகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்தார். தலையில் பைகளைக் கவிழ்த்துக் கைதிகளை வரிசையாக நடத்திப் போனதைக் கண்ட மஸ்லாக், இது தவறு என்று அவருடன் சண்டைபோட்டார். இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டது ஆறே நாளில் நின்றது. அப்புறம் மஸ்லாக் மருத்துவர்கள், தாதியர் போன்றவர்களிடம் போய், மற்றவர்களின் துன்பத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். தன்னைக் காத்துக்கொள்ளவே மனம் எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்ப்பதை நிறுத்திவிடும் என்ற கருத்து அப்போதே இருந்தது. கொதிக்கிற சட்டியைத் தொட்டுத் தொட்டுக் கை காய்த்துப்போவதுபோல. காய்ப்பு விழுந்த கையை யாரும் கெட்ட கை என்று சொல்வதில்லையே.

உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இந்த வேலைக் களைப்பை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை; வேலைத்தலத்தில் நெடுநாள் தீர்க்கப்படாமல் கிடக்கும் அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. அதனால்தான், ஒருநாள் பயிற்சிப்பட்டறை வைத்து மூச்சுப்பயிற்சி சொல்லித்தந்துவிட்டு மறுநாளே இரட்டைக் கடமை போடுகிறபோது எனக்குக் கோபம் வருகிறது. மூச்சுப்பயிற்சி நல்லதுதான். ஆனால் ஓர் இரவுக்கு எத்தனை நோயாளிக்கு எத்தனை தாதி, கடமைப் பட்டியலைப் போடும்போது உங்களை யாராவது கேட்கிறார்களா, லீவு எல்லோருக்கும் ஒரேமாதிரிக் கிடைக்கிறதா என்பவற்றை அது மாற்றாது. 2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் மருந்து இல்லை என்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டி வந்தது உங்களைப் போன்றவர்கள்தான். டொக்டர்மாரும் தாதியரும் வெளிநாடு போகப் போக, மிஞ்சியவர்களின் தோளில்தான் அந்தச் சுமையும் ஏறியது.

உங்கள் மூத்த தாதியின் பேச்சைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாளில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் இந்திய இராணுவம் புகுந்தபோது நோயாளிகளோடு வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகும் அந்த ஆஸ்பத்திரி நடந்தது. மின்சாரமில்லாத வருடங்களில் இங்கே விளக்கு வெளிச்சத்தில் வேலை செய்தார்கள். அவர்கள் தாங்கியது உண்மை. ஆனால் தாங்கியதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று அப்போது அவர்களிடம் ஒரு வினாக்கொத்தை யார் நீட்டினார்கள்? முடிந்தால் ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது அவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். போட்டியாக வேண்டாம், கேட்பதற்காகக் கேளுங்கள்.

சரி, அந்தப் பொய். நிரப்பிய தாளை மேலிடம் பார்த்துவிடும் என்று பயந்திருப்பீர்கள், நியாயமான பயம். ஆனால் எல்லோரும் 'ஒருபோதும் இல்லை' என்று போட்டால், வாட்டில் ஒரு குறையும் இல்லை என்று அறிக்கை வரும். ஆட்களைக் கூட்டித் தாருங்கள் என்று கேட்க ஒரு கடதாசியும் கையில் இருக்காது. அந்த ஆய்வாளரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: தாள்களை யார் பார்ப்பார்கள், முடிவை எங்களிடம் திரும்பக் கொண்டுவருவீர்களா? ஒழுங்காக ஆய்வு செய்பவர் இரண்டுக்கும் பதில் வைத்திருப்பார். அடுத்த தரம் தாள் வந்தால் உண்மையைப் போடுங்கள். நித்திரை கெட்டு, அழுகை அடங்காமல், வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் ஆய்வுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மனநல வைத்தியரிடம் போங்கள்.

இன்னொன்று. அந்த ஐயாவின் பெயரை உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் முழுதாக எழுதியிருந்தீர்கள், ஊரோடு சேர்த்து. இங்கே போடும்போது நான்தான் எடுத்துவிட்டேன்.

அன்புடன்,
அக்கா